வெளிநாட்டில் வாழ்ந்த குழந்தை வேலூரிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டால்: மற்ற பெற்றோர் செய்ய வேண்டியவை

பள்ளி விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கவென்று காட்பாடிக்கோ குடியாத்தத்துக்கோ அழைத்து வரப்பட்ட குழந்தை, திரும்பிச் செல்ல வேண்டிய தேதி கடந்த பிறகும் இங்கேயே நிறுத்திக்கொள்ளப்பட்டால், அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் மற்ற பெற்றோர் உறவினர்களின் சமாதானப் பேச்சை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருந்துவிடக் கூடாது. பெரியவர்கள் பேசட்டும்; சட்ட நடவடிக்கையும் அதே வாரத்தில் தொடங்கட்டும். புதிய பள்ளியும் புதிய நண்பர்களும் அமைந்துவிட்டால், குழந்தை இங்கே ஊன்றிவிட்டது என்ற எதிர்வாதம் நாளுக்கு நாள் வலுப்பெறும்.

16 வயது நிறையாத குழந்தையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவாகத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதற்கென 2016-இல் ஒரு மசோதா வரையப்பட்டும் அது சட்டமாகவில்லை. ஆகவே, அந்த உடன்படிக்கையின் பெயரால் வேலூரிலிருந்து ஒரு குழந்தையை வரவழைக்க இயலாது. ஆயினும் குழந்தை வாழ்ந்த நாட்டின் நீதிமன்றத்தில் உடனே மனு செய்து, குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கும்படி உத்தரவு பெறுவது வீணாகாது. தாமதிக்காமல் செயல்பட்டதற்கு அதுவே முதல் சான்று.

இங்கே உரிய வழி, அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (நிறுத்திவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனு) தாக்கல் செய்வதாகும். அதற்கு முன்பாகக் குழந்தை இருக்கும் பகுதியின் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்வது நல்லது. வெளிநாட்டு உத்தரவைக் காட்டினாலே வழக்கு முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அந்த உத்தரவு கருதத்தக்க காரணங்களுள் ஒன்றே, குழந்தையின் நலனே முதன்மையானது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தெளிவுபடுத்தியது. அதே நலனை அளவுகோலாகக் கொண்டுதான், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுவனை அந்நாட்டுக்கே திருப்பி அனுப்ப 2022-இல் அது உத்தரவிட்டது.

எனவே மனுவின் உயிர்நாடி, குழந்தையின் அன்றாட வாழ்வைக் காட்டும் ஆவணங்களில்தான் இருக்கிறது. பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் அறிக்கை, தடுப்பூசி அட்டை, குழந்தை மருத்துவரின் குறிப்புகள், வீட்டு வாடகை ஒப்பந்தம், இரு வழிப் பயணச்சீட்டு, 'பள்ளி திறப்பதற்குள் வந்துவிடுவோம்' என்பது போன்ற வாட்ஸ்அப் செய்திகள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். வாழ்க்கைத்துணையின் குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, குழந்தையைக் காலையில் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் யார், காய்ச்சல் வந்தபோது விடுப்பெடுத்தவர் யார் என்று காட்டும் நான்கு தாள்கள் அதிகம் பேசும். குழந்தையின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது, இங்கே தங்க விசா எதுவரை உள்ளது என்பதையும் குறிப்பிடுங்கள்.

நேரில் வர இயலாதவர், இங்குள்ள நம்பகமான உறவினருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு இந்தியத் தூதரகச் சான்றோ, ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையோ பெற்று, பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இதற்கிடையே குழந்தையை இங்கே வைத்திருப்பவர் வேலூர் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து நோட்டீஸ் அனுப்பினால், அதை ஒதுக்கித் தள்ளாதீர்கள். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு என்ற ஆட்சேபத்தை முன்னிலையாகிச் சொன்னால்தான் உங்கள் தரப்பைக் கேளாமலே வழங்கப்படும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பைத் தவிர்க்க முடியும்.

பள்ளி வாசலிலிருந்து குழந்தையைத் தூக்கிச் செல்லும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். குழந்தை இரண்டாம் முறையாகக் கலங்கும், வழக்கும் கெடும். மறுபுறம், அடி உதைக்கு அஞ்சிக் குழந்தையோடு தாய்வீடு வந்த பெண்ணும் தன் தரப்பை உரிய சான்றுகளோடு சொல்ல வேண்டும். அந்நாட்டுக் காவல் துறைப் புகாரும் மருத்துவ அறிக்கையும் அவருக்குத் துணை நிற்கும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்கள், வேலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ இலவச உதவி கேட்கலாம்.

வழக்கு முடியும்வரை குழந்தையோடு காணொளியில் பேச, நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு இந்திய நேரத்தைக் குறிப்பிட்டு இடைக்கால உத்தரவு கேளுங்கள். திருப்பி அனுப்ப உத்தரவாகும் நிலை வந்தால், உடன் செல்லும் பெற்றோரின் விசா, விமானச் செலவு, அங்கே தனியாகத் தங்க வீடு, அவர்மீது அந்நாட்டில் உள்ள புகார்களைக் கைவிடும் உறுதிமொழி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகவே கொடுத்து உத்தரவில் சேர்க்கச் செய்யுங்கள்.