ஊர்க்காரர்களும் வந்து உட்காரும்படி ஓர் ஆய்வுரை நடத்த

தருமபுரிப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் தமிழ்த்துறையில் பாடம் நடத்துகிறேன். துறையின் ஆய்வுரைகளை ஏற்பாடு செய்வது பல வருடமாக என் பொறுப்பு. புதிதாக இந்தப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைச் சரி செய்யுங்கள். 'தகடூர் நாட்டு நடுகற்கள்: ஒரு சமூகவியல் ஆய்வு' என்று நோட்டீஸ் ஒட்டினால் மாணவர்கள் மட்டும்தான் வருவார்கள், அதுவும் வருகைப்பதிவுக்காக. (தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர்.) பேச வருபவரிடம் போனில் பேசி, 'நம்ம வேடியப்பன் கல்லில் என்ன எழுதியிருக்கிறது?' என்று மாற்றச் சம்மதமா எனக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் எத்தனையோ நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்றுதான் கும்பிடுகிறார்கள். மாடுகளைக் கவர்ந்து போனவர்களோடு சண்டையிட்டு மாண்டவனுக்கு நட்ட கல், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், பல்லவ அரசனின் ஆட்சியாண்டோடு நிற்கும். தாங்கள் பொங்கல் வைக்கும் கல்லைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தால் ஊரிலிருந்து ஆள் வருவார்கள்.

நாள் குறிக்கும்போது சந்தை நாளையும் முகூர்த்த நாளையும் தவிர்த்துவிடுங்கள். காலை பத்தரைக்குத் தொடங்குவது நல்லது. பிற்பகலில் வைத்தால், பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கம் திரும்பிப் போகிறவர்கள் பஸ்ஸை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பேச்சு காதில் ஏறாது. வழிச்செலவுக்கும் மதிப்பூதியத்துக்கும் முதல்வரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பேச்சாளருக்கு அன்றைக்கே கவரில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

மேடை மரியாதையைச் சுருக்குங்கள். தலைமையுரை, வாழ்த்துரை, நோக்கவுரை, அப்புறம் ஆளுக்கொரு பொன்னாடை என்று போனால் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். வரவேற்புக்கும் அறிமுகத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் தாராளம்.

ஹாலில் ஜன்னல் திரை இல்லையென்றால் புரொஜக்டரில் கல்வெட்டுப் படம் வெளிறிப்போகும். எழுத்து தேய்ந்த கல்லாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் மைப்படியின் நகலைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டுங்கள். பேச்சு தொடங்கும் முன்பே அதன் முன்னால் நாலு பேர் கூடி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எந்தப் பொருளாக இருந்தாலும், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்லும்படி பேச்சாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்க வேண்டும். அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் வயதை அளந்துதான் அதைச் சொன்னார்கள், அந்தக் கரி கிடைத்த மண்ணடுக்குக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பு முக்கியம் என்பதெல்லாம் விளங்கினால்தான் அது ஆய்வுரை.

பேச்சு முக்கால் மணி நேரம், கேள்விகளுக்குக் குறைந்தது அரை மணி நேரம். முதல் கேள்வியைப் பேராசிரியர்களுக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் கேட்டுவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். கூச்சப்படும் மாணவர்களுக்குத் துண்டுச்சீட்டு கொடுத்து எழுதி வாங்குங்கள். ஓசூர்ப் பக்கம் நடத்தினால் தெலுங்கிலோ கன்னடத்திலோ யாராவது கேட்கலாம். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரைத் தயாராக வைத்திருங்கள்.

பெரியவர் ஒருவர் எழுந்து, "எங்க தாத்தா சொல்லுவாரு..." என்று தொடங்கினால், "கேள்வியை மட்டும் கேளுங்கய்யா" என்று தயவுசெய்து மறிக்காதீர்கள். எந்தக் காட்டில், எந்த ஏரிக்கரையில் கல் சாய்ந்து கிடக்கிறது என்பது ஆடு மேய்த்தவருக்குத்தான் முதலில் தெரியும். நூலகத்தில் கிடைக்காத தகவலை வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். மைக்கை அவர் கையிலேயே கொடுங்கள். பேசி முடித்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு பெயர், ஊர், போன் எண் குறித்துக்கொள்ளுங்கள். இடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், புதையல் தேடித் தோண்டுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். தகவலைத் தொல்லியல் துறைக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

நேரமில்லாமல் விட்டுப்போன கேள்விகளை அன்று மாலையே பேச்சாளருக்கு அனுப்பி, பதில் வந்ததும் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வெளியூரிலிருந்து வந்து கேட்டவர்களுக்குப் போன் செய்து பதிலைச் சொல்லுங்கள்.