60 பாகையை 40 என்று காட்டிய கொம்பியூட்டர்

பரந்தனில் ஒரு அரிசி ஆலை. நெல் உலர்த்தியின் பெட்டியில் உள்ள மீற்றர் 60 பாகை காட்டும்; அதே நேரம் அலுவலகக் கொம்பியூட்டரில் 40 தான் நிற்கும். இதில் நாலு நாள் போனது.

முதலில் கேபிளைச் சந்தேகித்து மாற்றினேன். அதே 40. வவுனியாவுக்குப் போய், சிக்னலைக் கொம்பியூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஆர்எஸ்-485 கன்வேட்டர் ஒன்று புதிதாக வாங்கினேன், காசுதான் கரைந்தது. அப்புறம் சென்சரைக் கழற்றி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் விட்டேன். இரண்டு இடத்திலும் சரியாகச் சுழியம்! இனி அளவுத்திருத்தத்தில் கை வைக்கத் தேவையில்லை என்று நம்பினேன். அதுதான் பிழை.

உலர்த்தியைப் பார்க்கும் அண்ணைதான் கவனித்தார். "தம்பி, இங்க 45 எண்டா அங்க 30. எப்பவும் மூண்டில ரெண்டு பங்குதான் காட்டுது."

மல்டிமீற்றரைத் தொடராக இணைத்துப் பார்த்தேன். 60 பாகையில் 10.4 மில்லிஅம்பியர். சென்சரின் பாகையை ட்ரான்ஸ்மிற்றர் என்ற கருவி 4 முதல் 20 மில்லிஅம்பியர் வரையான மின்னோட்டமாக மாற்றி அனுப்பும்; வீச்சின் அடிக்கு 4, உச்சிக்கு 20. அந்தக் கணக்கில் 60க்கு 10.4 என்றால் வீச்சு 0–150. போன மாதம் ட்ரான்ஸ்மிற்றரை மாற்றியவர் பெட்டி மீற்றரில் 150 என்று திருத்திவிட்டார். மென்பொருளில் பழைய 100 அப்படியே கிடந்தது. இரண்டு வீச்சிலும் 4 மில்லிஅம்பியர் என்றால் சுழியம்தானே, ஐஸ் வாளி எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

100ஐ 150 ஆக்கினேன். கொதிநீரில் இரண்டும் 100ஐ ஒட்டி நின்றன. நிம்மதி. ட்ரான்ஸ்மிற்றர் மூடியின் உட்புறத்தில் 0–150 என்று மார்க்கரால் எழுதிவிட்டுத்தான் வந்தேன்.