புளோரன்ஸ் திருவிழா நாளில் குடும்ப உணவகத்தில் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 24 இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்கு விடுமுறை. நகரின் பாதுகாவலரான புனித திருமுழுக்கு யோவானின் பிறந்த நாள் அது. அந்த ஊர்க்காரர்கள் சான் ஜொவான்னி என்பார்கள். காலையில் ஊர்வலம், கதீட்ரலில் திருப்பலி. வழக்கமாக மாலையில் சான்டா குரோச்சே சதுக்கத்தில் மணல் கொட்டி, அணிக்கு 27 பேராக மோதிக்கொள்ளும் கால்சோ ஸ்டோரிகோ என்ற பழங்காலக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடக்கும். இரவு பத்து மணிவாக்கில் ஆர்னோ ஆற்றின் தென்கரைக் குன்றில் வாணவேடிக்கை. இவ்வளவுக்கும் நடுவில், ஒரு குடும்பம் நடத்தும் டிராட்டோரியா என்ற எளிய உணவகத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்று பயணிகள் பலரும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அன்று அந்தக் குடும்பத்துக்கும் திருநாள் என்பதை மறந்துவிட்டுப் போனால் பசியோடு திரும்ப வேண்டியிருக்கும்.

எப்போது போனாலும் சாப்பாடு கிடைக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. இத்தாலியக் குடும்ப உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கி இரண்டரை மணிவாக்கில் முடிந்துவிடும். அப்புறம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி கதவு திறக்கும். நான்கு மணிக்குப் போய் நின்றால் என்ன கெஞ்சினாலும் பாஸ்தா வராது. சான் ஜொவான்னி அன்று இன்னொரு சிக்கலும் உண்டு. சில குடும்பங்கள் நாள் முழுக்கவோ, இரவு மட்டுமோ கடையை மூடிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விடும். இணையத்தில் காட்டும் வழக்கமான நேரத்தை நம்பாதீர்கள். இரண்டு நாளுக்கு முன்பே கடைக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள், அல்லது போன் போட்டுக் கேளுங்கள்.

இந்த விடுமுறை புளோரன்ஸ் நகராட்சி எல்லைக்குள் மட்டும்தான். மேலே குன்றில் இருக்கும் பியேசோலேயின் பாதுகாவலர் வேறு, அவருக்கான நாள் ஜூலை 6. ஆகவே நகருக்குள் இடமே இல்லை என்றால் 7ஆம் எண் பஸ் ஏறி அங்கே போய் மதியம் சாப்பிட்டுவிட்டு வரலாம். அங்கே அது சாதாரண நாள்.

சரி, புக் பண்ணுவது எப்படி? இந்த உணவகங்கள் சின்னவை. சமையலறையில் அப்பாவோ பாட்டியோ, சாப்பாட்டுக் கூடத்தில் மகனும் மருமகளும், கல்லாவில் பெரியவர் ஒருவர் என்று வீட்டு ஆட்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற இடங்கள். திருவிழா இரவில் இரண்டு பந்திதான் போட முடியும். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஆறு பேராகப் போய் நிற்பதும், மூன்று இடங்களில் புக் பண்ணிவிட்டு இரண்டு இடங்களுக்குச் சொல்லாமலே போகாமல் இருப்பதும் பெரிய ஹோட்டலில் எப்படியோ சமாளிக்கப்படும். இங்கே அது அவர்களின் அன்றைய வருமானத்தையே பாதிக்கும். வர முடியாவிட்டால் மதியத்துக்குள் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். வாசலில் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அந்த டேபிள் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் அன்று இரவுச் சாப்பாட்டைவிட மதியச் சாப்பாடுதான் நல்லது. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஊர்க் குடும்பங்களே மூன்று தலைமுறையாக வந்து உட்காரும் வேளை அது. அவசரம் இருக்காது. இரவில் எல்லோருக்கும் கண் கடிகாரத்தின் மீதே இருக்கும். இரவுதான் முடியும் என்றால் ஏழரை மணி முதல் பந்தியைக் கேட்டு வாங்குங்கள், சான்டா குரோச்சே பக்கம் வேண்டாம். ஆட்டம் முடிந்து வரும் கூட்டத்தில் அங்கே நடக்கவே முடியாது. ஆற்றுக்குத் தெற்கே சான்டோ ஸ்பிரிட்டோ, சான் பிரெடியானோ பகுதிகளின் சந்துகளில் தேடுங்கள். கடை வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறார்கள், மெனுவில் சாப்பாட்டுப் படங்கள் மங்கிப்போயிருக்கின்றன என்றால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

உள்ளே போனதும் காலியான டேபிளைப் பார்த்து நாமே உட்காருவது மரியாதை இல்லை. வாசலருகே நின்று மதியம் என்றால் புவோன்ஜோர்னோ, மாலை என்றால் புவோனசேரா சொல்லி, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். அவர்களே உட்கார வைப்பார்கள். வாணவேடிக்கை பார்க்கப் போக வேண்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு ஏற்றபடி சமையலறையில் வேகத்தைக் கூட்டிக்கொள்வார்கள். ஒன்பதரை மணிக்குத் திடீரென்று எழுந்து நின்று அவசரப்படுத்தினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

மெனுவில் முன்னுணவு, பாஸ்தா அல்லது சூப், இறைச்சி, காய்கறி என்று வரிசையாக இருப்பதைப் பார்த்து எல்லாமே வாங்கியாக வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஆளுக்கு இரண்டு வகை போதும். நான்கு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு பாஸ்தாவைப் பங்கு போடுவதுதான் சரியில்லை, அதுவும் டேபிளுக்குத் தட்டுப்பாடான அன்று. பீட்சாவும் கேட்காதீர்கள். பல டிராட்டோரியாக்களில் அதற்கான அடுப்பே கிடையாது, அது வேறு கடை.

அதிகம் பேர் அதிர்ச்சி அடைவது பிஸ்தெக்கா அல்லா பியோரெந்தீனாவின் பில்லைப் பார்த்துத்தான். மூன்று நான்கு விரல் தடிமனில் எலும்போடு வெட்டிய மாட்டிறைச்சி அது. பெயர் பெற்றது கியானீனா இனத்து மாடு. மெனுவில் விலை 6 என்று போட்டிருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் எத்தோ என்று இருப்பதைக் கவனிக்க மாட்டோம். எத்தோ என்றால் 100 கிராம். பெரும்பாலும் ஒரு கிலோவுக்குக் குறைந்த துண்டே இருக்காது. 1.2 கிலோ துண்டு வந்தால் 72 யூரோ! யாரும் ஏமாற்றவில்லை, விலையை எழுதும் முறையே அதுதான். வெட்டுவதற்கு முன் எடையைக் கேளுங்கள், துண்டை எடுத்துவந்தே காட்டுவார்கள். ஒரு துண்டை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து சாப்பிடுவதே வழக்கம். இன்னொன்று, உள்ளே சிவப்பாகத்தான் வரும். நன்றாக வேகவைத்துத் தாருங்கள் என்று கேட்டால் பல சமையல்காரர்கள் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். நன்றாக வெந்த இறைச்சிதான் பிடிக்கும் என்றால் வேறு வகை கேட்பதே எல்லோருக்கும் நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதே நேரம் பயப்படவும் வேண்டாம். புளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி மாநிலத்துச் சமையலில் பழைய ரொட்டி, பீன்ஸ், தக்காளி, கீரை எல்லாம் தாராளமாக உண்டு. ஜூன் மாத வெயிலுக்குப் பான்சனெல்லா கேளுங்கள். ஊறவைத்துப் பிழிந்த பழைய ரொட்டியோடு தக்காளி, வெங்காயம், வெள்ளரி, துளசி வகையைச் சேர்ந்த பசிலிக்கோ இலை, ஆலிவ் எண்ணெய், வினிகர் சேர்த்துக் குளிர்ச்சியாகத் தருவார்கள். தக்காளியும் ரொட்டியும் குழைந்த பாப்பா அல் பொமோதோரோவும் அருமையானது. ஆனால் சிலர் அதில் இறைச்சி வேகவைத்த சாற்றை ஊற்றுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பலர் தெரியாமல் சாப்பிட்டுவிடுவது முன்னுணவுத் தட்டில்தான். சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகளின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு விழுது தடவியிருக்கும். பார்ப்பதற்குக் காளான் போலவே இருக்கும். அது கோழி ஈரல், பெரும்பாலும் நெத்திலி வகை மீனும் சேர்த்து அரைத்தது. பீன்ஸ் வகைகளிலும் சில கடைகளில் தொத்திறைச்சி போடுவார்கள்.

வெறுமனே வெஜிடேரியன் என்று சொன்னால் போதாது. சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா புரோதோ என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறு வேண்டாம் என்று அர்த்தம். முட்டையும் தவிர்ப்பவர்கள் முட்டை சேர்த்துப் பிசையும் தாலியத்தெல்லே, பப்பர்தெல்லே போன்ற புதுப் பாஸ்தாவை விட்டுவிட்டு, ஸ்பகெட்டி, பென்னே போன்ற உலர் பாஸ்தாவைக் கேட்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு உறையவைக்கப்படுகிறது. அதுவும் கூடாது என்பவர்கள் மேலே தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதையெல்லாம் புக் பண்ணும்போதே சொல்வதுதான் உத்தமம். கூட்டமான இரவில் ஆர்டர் எடுத்தபின் ஒவ்வொன்றாகச் சொன்னால் சமையலறையில் கண்டிப்பாகக் குழப்பம் வரும். விழாவுக்கென்று ஒரே விலையில் நிர்ணயித்த மெனு மட்டும் போடும் கடையாக இருந்தால், மாற்றித் தர முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ரொட்டியில் உப்பே இல்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள். டஸ்கனி ரொட்டி உப்பில்லாமல்தான் செய்வார்கள். உப்பான சீஸ், குழம்பு இவற்றோடு சேரும்போது அதன் அருமை தெரியும். தட்டில் மிஞ்சிய குழம்பை அதைக் கொண்டு வழித்துச் சாப்பிட்டால் இந்த மாதிரிக் குடும்பக் கடைகளில் சந்தோஷப்படவே செய்வார்கள். தண்ணீர் பாட்டிலில்தான் வரும், காசு உண்டு.

குழந்தைகளோடு போகத் தயங்க வேண்டியதில்லை. பாதி அளவு பாஸ்தா கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். காரமும் குழம்பும் இல்லாமல் எண்ணெயோ வெண்ணெயோ மட்டும் சேர்த்த பாஸ்தா இன் பியாங்கோ மெனுவில் இல்லாவிட்டாலும் செய்து தருவார்கள்.

சாப்பிட்டு முடித்தாலும் பில் தானாக வராது. நம்மைக் கிளப்பிவிடுவது போல ஆகிவிடும் என்று கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். வாணவேடிக்கை பத்து மணிக்கு என்றால், இருட்டத் தொடங்கும் ஒன்பது மணிக்கே இல் கோன்தோ என்று கேட்டுவிடுங்கள். பில்லில் கோபெர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ரொட்டிக்கும் டேபிளுக்குமான கட்டணம் அது, மெனுவிலேயே எழுதியிருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை, சதவீதக் கணக்கும் இல்லை. திருவிழா நாளில் நமக்காக நின்று பரிமாறியவர்களுக்குச் சில யூரோ நாணயங்களை மேசையில் வைத்துவிட்டு வரலாம். காபி வேண்டுமானால் ஒரு சின்ன எஸ்பிரெஸோ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்பதரைக்குப் பிறகு ஆற்றங்கரைச் சுவரோரம் நிற்க இடம் கிடைப்பது கஷ்டம்.