வளர்ப்பு மனையில் சிக்கியது ஊஜி ஈதானா?

பட்டுப்புழு மனை ஜன்னலில் ஒரு ஈ சிக்கினால், முதுகில் நான்கு கறுப்புக் கோடு இருக்கிறது, புழுவின் மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஊஜி ஈதான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வீட்டு ஈக்கும் அதே நான்கு கோடுகள் உண்டு. மூன்று கோடுகளும் வயிற்றில் சதுரங்கக் கட்டம் போன்ற திட்டுகளும் இருந்தால் அது பெரும்பாலும் சதை ஈ.

ஈயை நசுக்காமல் டப்பாவில் பிடித்து ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். நசுங்கினால் முடிகள் உதிர்ந்துவிடும், அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது. மறுநாள் பத்து மடங்கு கைலென்ஸில், பக்கவாட்டில் பாருங்கள். முதுகின் பின்முனையில் சின்ன முக்கோணத் தகடு இருக்கும். அதற்கு நேர் கீழே, வயிறு தொடங்கும் இடத்தில், தலையணை போலப் புடைத்த இன்னொரு மேடு தெரிகிறதா? அதுதான் ஊஜி ஈ அடங்கிய டாக்கினிட் குடும்பத்தின் முத்திரை. வீட்டு ஈக்கும் சதை ஈக்கும் அந்தப் புடைப்பு இருக்காது. இறக்கை மறைத்தால் ஊசி முனையால் மெல்ல விலக்குங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? உணர்கொம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழையைப் பாருங்கள். ஊஜி ஈக்கு அது வழவழப்பாக இருக்கும், வீட்டு ஈக்கு இறகு போல நுனிவரை முடி.

சரி, ஈயே கையில் கிடைக்கவில்லை என்றால்? புழுவின் தோலில் ஒட்டிய வெள்ளை முட்டையையோ கறுத்த வடுவையோ தேடுங்கள். என்னைக் கேட்டால், ஈயைவிட அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.