ஊர் நடுகல்லைக் கெடுக்காமல் காப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கும், சண்டையில் இறந்த வீரனின் நினைவாக நட்ட நடுகற்கள் பலவற்றுக்கு இன்றும் பூசை நடக்கிறது. பல ஊர்களில் அந்த வீரனை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் கல் மெல்லத்தான் தேயும். ஊர் கூடிச் செய்யும் திருப்பணியில் ஒரே வாரத்தில் கெட்டுவிடும். எனவே துடைப்பத்தையும் சிமெண்டையும் எடுக்குமுன் நோட்டை எடுங்கள்.

கல்லை அசைக்காமல் குறிக்க வேண்டியவை: ஊர், வட்டம், நிலத்தின் சர்வே எண், கல்லின் உயரம், அகலம், தடிமன், முகம் பார்க்கும் திசை. கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையில் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள். ஐந்தாம் இலக்கம் சுமார் ஒரு மீட்டரைக் குறிக்கும். ஊரார் அழைக்கும் பெயர், படையல் நாள் ஆகியவையும் வேண்டும். வீரன் கையில் வாளா வில்லா, உடலில் அம்பு தைத்திருக்கிறதா, காலடியில் மாடோ நாயோ கெண்டியோ (மூக்கு வைத்த செம்பு) உண்டா என்று பாருங்கள்.

உச்சி வெயிலில் எடுத்த படம் உதவாது. தேய்ந்த வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்), நிழல் விழுந்தால்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் படும்போது எடுங்கள். வடக்கு பார்த்த கல்லாக இருந்தால் இருட்டிய பின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல், 10–15 டிகிரி சாய்வில், நான்கு பக்கமிருந்தும் அடித்து எடுங்கள். முப்பரிமாணப் பதிவு வேண்டுமானால் மேகமூட்டமான நாளில் கல்லைச் சுற்றி இரண்டு உயரங்களில் 60–80 படங்கள் எடுக்கலாம். ஒவ்வொரு படமும் முந்தையதில் 70 சதவீதத்தை மறுபடி காட்ட வேண்டும்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் வரையாதீர்கள். முதலில் தப்பாகப் படித்தவர் வரைந்த கோட்டைத்தான் அடுத்து வருகிறவரும் படிப்பார். மாவு தடவினால் எறும்பும் பூஞ்சையும் வரும். மைப்படி எடுப்பதை, அதாவது ஈரத்தாளைக் கல்லில் தூரிகையால் தட்டி ஒட்டி மையால் எழுத்தைப் பிரதி எடுப்பதை, பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். ஈரத்தாள் கிழிந்தால் மை கல்லில் இறங்கிவிடும், செதில் விடும் கல்லோ தூரிகையின் தட்டலையே தாங்காது.

சுத்தம் என்றால் நல்ல தண்ணீர், மென்மையான நைலான் தூரிகை, அவ்வளவுதான். கம்பித் தூரிகை, ஆசிட், பிளீச்சிங் பவுடர், மணல் வீச்சு எதுவும் கூடாது. ஏற்கெனவே பெயிண்ட் அடித்திருந்தால் தின்னரால் துடைக்க வேண்டாம். கரைந்த நிறம் எழுத்தின் பள்ளத்தில் போய் அடையும். தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர் பார்க்கட்டும். பக்கத்தில் புதர் மண்டினால் வெட்டுங்கள், கொளுத்தாதீர்கள். சூட்டில் கருங்கல்லும் பொரிந்து உரியும்.

சிமெண்ட் மேடைதான் பெரிய கேடு. சிமெண்டிலுள்ள உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, காயும்போது படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளும். அடிவரிகள் மேடைக்குள் புதைந்தும் போகும். மண் அரித்துக் கல் சாய்கிறதென்றால் சுற்றிலும் சரளையும் மணலும் இட்டு, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். நிமிர்த்தி நடுவதைத் துறையிடம் விடுங்கள்.

பூசாரியோடு முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் ஒப்பாத எதுவும் அடுத்த திருவிழாவைத் தாண்டாது. பூசையை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கும் கற்பூரமும் கல்லுக்கு இரண்டடி முன்னால் தனி மாடத்தில் எரியட்டும். எண்ணெய்க் காப்புக்குப் பதில் தண்ணீரும் மாலையும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். எண்ணெயில் தூசி ஒட்டி, சில ஆண்டுகளில் உருவமே கறுப்புப் படலத்துக்குள் போய்விடும்.

அடுத்தது கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் ஒன்றில் தீர்மானம் போட்டு, பதிவையும் படங்களையும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். நிலம் முடங்கிப்போகும் என்று பட்டாதாரர் பயப்படுவார். 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்ற 2010 விதி, மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்கானது. கல்லைப் பதிவு செய்வதால் மட்டும் அது வராது என்று விளக்குங்கள்.

அறிவிப்புப் பலகையைக் கல்லில் சாய்க்காமல் இரண்டு மீட்டர் தள்ளி நடுங்கள். யாருக்காக, எந்த அரசன் காலத்தில், எந்தச் சண்டையில் என்று கல் சொல்வதை மட்டும் எழுதினால் போதும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்தது; கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயர் அதில் இருக்கிறது. இப்படி ஒரு செய்தி இருந்தால் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர வேறு கதை கட்ட வேண்டியதில்லை. ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பர் 19–25 மரபு வாரம் ஆகியவை அதற்குத் தோதான நாட்கள். ஆனால் பூசையில்லாத, இருவர் தூக்கக்கூடிய சிறு கல்லின் துல்லிய இடத்தை இணையத்தில் போடாதீர்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள்.

சாலை விரிவாக்கம் வருகிறதென்றால் அளவுக்கல் நட்ட அன்றே மனு கொடுங்கள். ஜேசிபி வந்து நின்ற பிறகு கிடைக்கும் அவகாசம் ஒரு மதியம்தான், அதற்குள் சங்கிலி கட்டி இழுத்து இரண்டாக உடைத்திருப்பார்கள்.