ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள்: நோயில் இளைத்த பிள்ளையைத் தேற்றுவது எப்படி

காய்ச்சலோ பேதியோ வந்து படுத்து எழுந்த ஒன்றரை, இரண்டு வயசுப் பிள்ளை கன்னம் ஒட்டிப்போய் நின்றால், பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கண் பட்டுருச்சு, மாந்தம், டப்பா பவுடர் வாங்கிக் கரைச்சுக் கொடு. அதெல்லாம் இருக்கட்டும், முதலில் எடை போடுங்கள், அதையும் ஒழுங்காகப் போடுங்கள். பண்ணைக்காடோ தாண்டிக்குடியோ, மேலே பூம்பாறையோ மன்னவனூரோ, நம் கொடைக்கானல் மலையில் பிள்ளைக்கு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், உள்ளே ரெண்டு பனியன் என்று மாட்டி அப்படியே தூக்கித் தராசில் உட்கார வைத்துவிடுகிறோம். இரண்டாவது வயசில் நல்லபடியாக இருக்கிற பிள்ளைக்கே மாதம் 200 கிராம் வாக்கில்தான் ஏறும். உடுப்பு மட்டுமே அதைவிடக் கனம் இருந்தால், ஏறியது பிள்ளையா ஸ்வெட்டரா என்று யாருக்குத் தெரியும்? பால்வாடியில் கதவைச் சாத்தச் சொல்லி ஒரு பனியனோடு போடுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே தராசில். தினமும் போட்டுப் பார்ப்பது வீண், ஒரு தடவை ஆய் போனாலே எண் மாறும். தேறும் சமயத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை போதும்.

அங்கேயே டீச்சரிடம் கைச்சுற்று அளக்கும் நாடாவையும் கேளுங்கள். 6 மாதம் முதல் 5 வயசு வரை அளவு ஒன்றுதான்: மேல்கைச் சுற்று 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வீட்டுச் சாப்பாட்டிலேயே தேற்றலாம், 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் இருந்தால் நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ காட்டிவிட்டுச் செய்யுங்கள், 11.5-க்குக் கீழே போனாலோ இரண்டு பாதமும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தாலோ வீட்டு வைத்தியமே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. ரொம்பவும் ஒடுங்கிப்போன உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாட்டை இறக்கினால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து இதயத்தையே பாதிக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு, எதை என்று அளந்து கொடுக்க வேண்டும், அது நம் கையில் இல்லை.

மற்றபடி, இளைத்த பிள்ளைக்குச் சாப்பாட்டைக் கூட்டுவதை விட அதே சாப்பாட்டைக் கெட்டியாக்குவதுதான் வேலைக்கு ஆகும். வயிறு சின்னது, நோயில் பசியும் போயிருக்கும், நாமோ சீக்கிரம் செரிக்கட்டும் என்று ரசம் சாதம், தண்ணிக் கஞ்சி, பருப்புத் தண்ணி என்று ஊற்றுகிறோம். வயிறு ரொம்பிவிடும், சத்து ஒன்றும் சேராது. பருப்புத் தண்ணியை விட்டுவிட்டுப் பருப்பையே கொடுங்கள். அது வேகாமல் நறநறத்தால் பிள்ளை துப்பும், அது பிள்ளை தப்பில்லை, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் திறந்த சட்டியில் பருப்பு குழைய ரொம்ப நேரம் பிடிக்கும். குக்கரில் கீழ்நாட்டில் வைக்கிறதை விட இரண்டு விசில் கூட விடுங்கள். மசித்த சாதத்திலும் கஞ்சியிலும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டால் 45 கலோரி சேரும், பிள்ளைக்கு ஒரு வாய் கூடத் தின்ற மாதிரியே இருக்காது. சூடாக இருக்கும்போதே விட்டுக் கிளறுங்கள், நம் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறைந்து நாக்கில் மெழுகாட்டம் ஒட்டும்.

கஞ்சியைக் கெட்டியாக வைத்தால் விழுங்க மாட்டேன் என்கிறது, தண்ணியாக வைத்தால் சத்தில்லை. இதற்கு முளைகட்டிய ராகி மாவு நல்ல வழி. முளை விடும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற ஒரு நொதி உண்டாகும், அதனால் கெட்டிக் கஞ்சி தண்ணீர் சேர்க்காமலே இளகும். ராகியை ராத்திரி ஊறவைத்து வடித்துத் துணியில் கட்டுங்கள். கீழே வத்தலக்குண்டில் ஒரு நாளில் முளைப்பது இங்கே இரண்டு மூன்று நாள் இழுக்கும், அடுப்புப் பக்கத்தில் தொங்கவிட்டால் சீக்கிரம் வரும், துணி காயாமல் தண்ணி தெளித்து வாருங்கள், புளிச்ச வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். நல்ல வெயில் பார்த்துக் காயவைத்து, லேசாக மட்டும் வறுத்து அரையுங்கள், கருக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும். வழக்கமான மாவில் களி மாதிரி கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது இந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறிப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். கண்ணெதிரே இளகும். அப்புறம் மறுபடி ஒரு கொதி விடுவதை மறக்க வேண்டாம், முளைகட்டிய மாவில் கிருமி இருக்கலாம். பால்வாடியில் தருகிற சத்துமாவையும் மாட்டுக்கு வைக்காமல் இதே மாதிரி வெல்லம், நெய் விட்டுக் கிண்டிக் கொடுங்கள், காசு கொடுத்து வாங்குகிற பவுடருக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை.

நம் மலையில் விளைகிறதிலேயே நிறைய இருக்கிறது. பட்டர் ஃப்ரூட்டை (அவகாடோ) ஜூஸ் கடைக்காரருக்கு மட்டும் விடாதீர்கள், 100 கிராமில் சுமார் 160 கலோரி, அதே எடை ஆப்பிளில் 50 சொச்சம்தான். மலைவாழைப் பழத்தோடு மசித்துக் கொடுத்தால் சர்க்கரையே வேண்டாம். உருளைக்கிழங்கை வேகவைத்து வெண்ணெய் போட்டு மசிக்கலாம். தினம் ஒரு முட்டை, கிடைக்கிற அன்றைக்கு ஈரல். காரட்டைப் பச்சையாகக் கையில் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், முழு நிலக்கடலையும் அப்படித்தான். கடலையை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் போடுங்கள், முதல் தடவை ஒரு சிட்டிகை போட்டு உடம்பில் தடிப்பு ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். சாரலும் பனியுமான மாதங்களில் கடலையில் பூஞ்சை பிடிக்கும், கறுத்ததையும் கசப்பதையும் பொறுக்கி எறியுங்கள்.

வேளைகள் மூன்று, நடுவில் இரண்டு மூன்று தின்பண்டம். அதற்கு மேல் நோய் விட்ட பிறகு குறைந்தது இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக. பேதியில் இளைத்த பிள்ளைக்கு டாக்டர் 14 நாள் துத்தநாக மாத்திரை எழுதியிருந்தால் பேதி நின்றதும் நிறுத்தாமல் முழுசாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதை நிறுத்த வேண்டாம். மாட்டுப்பால் மட்டும் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது, பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, ரத்தசோகையும் வரும். வரக்காப்பி, டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பதுதான் தோட்ட வேலைக்குப் போகிற வீடுகளில் பெரிய வில்லன். குளிருக்கு இதமாக இருக்கும் என்று அப்பத்தா ஊட்டுவார், அது சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. காலையில் கிளம்பும் முன்னாலேயே மசித்த சாதத்தைச் சின்ன ஹாட்பாக்ஸில் போட்டு, ஆறுவதற்குள் எந்த நேரம் ஊட்ட வேண்டும் என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

திணிக்காதீர்கள். மூக்கைப் பிடித்து ஊட்டிய பிள்ளை கிண்ணத்தைப் பார்த்தாலே ஓடும். அரை மணி நேரம் பாருங்கள், வாயைத் திருப்பினால் எடுத்து வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். பசி திரும்பியதும் பிள்ளை தானாகவே கேட்டுக் கேட்டுத் தின்னும். அந்த நாட்களில் போதும் போதும் என்று கையைக் கட்டாமல் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் தராசு முள் நகரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டி எடையும் இறங்கினால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும், அதைச் சளி என்று தள்ளிப்போடாதீர்கள். குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, தூங்கி வழிந்து எழுப்ப முடியாமல் கிடப்பது, மலத்தில் ரத்தம், நிமிஷத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை கொஞ்சம் சோர்வாகத்தான் இருக்கிறது, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நிலை என்றால் மத்தியானத்துக்குள் முடிவெடுங்கள், பொழுது சாய்ந்தால் மலைப்பாதையில் பனி இறங்கி எதிரே வருவது தெரியாது, வளைவுக்கு வளைவு காட்டுமாடு நிற்கும். தாய் சேய் அட்டையையும் கொடுத்த மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, ஓ.ஆர்.எஸ். கரைத்து ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். முழித்திருந்து விழுங்குகிற பிள்ளைக்கு வண்டியில் போகும்போதே ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டு போகலாம்.