மாதவிலக்கை ஒட்டிக் கூடும் வலிப்பு: நாள்கணக்கு எழுதும் முறை

வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுத்துவரும் பெண்களில் சிலருக்கு, மாதவிலக்கு நெருங்கும் நாள்களில் வலிப்பு கூடுவதுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் பழியை அமாவாசையின் மேல் போடுவார்கள். உடலில் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்களின் ஏற்ற இறக்கமே இதற்கு முக்கியக் காரணம்.

கருமுட்டை வெளிவந்தபின் சினைப்பையில் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனில் ஒரு பகுதி, மூளையில் அலோபிரெக்னனலோன் என்னும் ஸ்டீராய்டாக மாறுகிறது. நரம்பணுக்களின் மேலுள்ள, தூண்டலை அடக்கும் காபா-ஏ ஏற்பிகளில் அது சேரும்போது, குளோரைடு அயனிகள் கூடுதலாக உள்ளே சென்று, நரம்பணு எளிதில் தூண்டப்படாதபடி அடக்கிவைக்கின்றன. மாதவிலக்குக்குச் சற்று முன் புரொஜெஸ்டிரோன் வேகமாக இறங்குவதால் இந்த அடக்கம் தளர்ந்துவிடுகிறது. சினைப்பையில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரடையால் பொதுவாகத் தூண்டலைக் கூட்டும். கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன் அது உச்சத்தைத் தொடுவதால், சிலருக்கு மாதவிலக்குச் சுழற்சியின் நடுவிலும் வலிப்பு கூடுகிறது.

கணக்கெழுத, வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரே போதும். உதிரப்போக்கு நன்றாகத் தொடங்கும் நாளை 1 என்று குறித்து, முந்தைய மூன்று நாள்களுக்கு −1, −2, −3 என்று பின்னோக்கி எண்ணிடுங்கள். லேசாகக் கறை மட்டும் படும் நாளைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டாம். வலிப்பு வந்த தேதியில் நேரத்தையும், எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் எழுதுங்கள். மாத்திரை தவறிய நாள், காய்ச்சல், தூக்கம் கெட்ட இரவு ஆகியவற்றையும் விடக்கூடாது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் நைட் ஷிப்ட் பார்க்கும் பெண்களுக்குத் தூக்கக் குறைவே தனிக் காரணமாக இருக்கக்கூடும். அமாவாசையும் அதே காலண்டரில் அச்சாகியிருப்பதால், அதைக் குறை சொல்லும் பெரியவர்களுக்கும் விடை அங்கேயே கிடைக்கும்.

நேரம் பார்ப்பது வீட்டாரின் வேலை. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

மூன்று மாதவிலக்குச் சுழற்சிகளாவது எழுதியபின், −3 முதல் 3 வரையிலான நாள்களில் வலிப்பு, நாளொன்றுக்குச் சராசரியாக, மற்ற நாள்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வருகிறதா என்று பார்த்து, காலண்டர் தாள்களோடு நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த நாள்களுக்கென மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெனிட்டாயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மருந்துகள் அதன் பலனைக் குறைத்துவிடும்.